கருமணலும் இரும்பும்: திருகோணமலை வடகரையின் கனிம வரலாறு பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களையே மையமாகக் கொண்டுள்ளனர். ஒன்று கோணேசர் ஆலயம், மற்றையது துறைமுகம். ஆலயத்தை மையமாகக் கொண்ட வரலாறு கல்வெட்டுகளையும் தலபுராணங்களையும் சான்றாகக் கொள்கிறது. துறைமுகத்தை மையமாகக் கொண்ட வரலாறு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரின் போட்டியைக் கூறுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, இம்மாவட்டத்தின் மண்ணிலும் பாறையிலும் அமைந்துள்ள கனிமம் பற்றிய வரலாறு போதிய கவனத்தைப் பெறவில்லை. புவியியலாளர் அதனைத் தாதுப் படிவாக நோக்கினர். பொருளியலாளர் அதனை ஏற்றுமதிப் பட்டியலின் ஒரு வரியாக நோக்கினர். அத்தாது கிடந்த ஊர்களின் வரலாறாக அதனை நோக்கியோர் மிகச் சிலரே. அவ்வாறு நோக்குதற்கான ஒரு தொடக்க முயற்சியே இக்கட்டுரை.

இங்கு எழும் அடிப்படை வினா ஒன்றுண்டு. இரும்புத் தாது உள்ள இடங்களில் உலைகளும், உலைகளைச் சூழ்ந்து நகர்களும் தோன்றியமையை உலகின் பல பகுதிகளிற் காண்கிறோம். திருகோணமலை மாவட்டத்தில் இரும்பைக் கொண்ட தாது வடக்கேயும் தெற்கேயும் உண்டு. ஆயினும் இங்கு இரும்பு நகர் எதுவும் எழவில்லை. இது இயற்கையின் குறையா, அன்றி மனிதரின் தெரிவா?

1. கரையும் ஊர்களும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே செல்லும் கரையோரச் சாலை உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய் ஆகிய ஊர்களின் வழியே புல்மோட்டையை அடைகிறது. நகருக்கும் புல்மோட்டைக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 55 கிலோமீற்றர். சாம்பல்தீவு இச்சாலையின் தொடக்கத்திலேயே, கடலுக்கும் களப்புக்கும் நடுவே அமைந்த ஊர். நெல், தோட்டம், மீன்பிடி, நகரிற் கிடைக்கும் கூலி வேலை என்பவை சேர்ந்ததே இக்கரையூர்களின் வாழ்வு.

இக்கரையின் ஊர்ப்பெயர்கள் நிலத்தையும் நீரையும் பெரிதும் சுட்டுவன. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்பன வெளியை ஈறாகக் கொண்டவை. புல்மோட்டை என்பதில் வரும் மோட்டை, வன்னிப் பகுதியிற் சிறு நீர்நிலையைக் குறிக்கும் சொல். புல்மோட்டையை அடுத்துள்ள அரிசிமலைக் கடற்கரையில் மணல் அரிசிமணி போன்று பருத்துக் காணப்படுவதால் அப்பெயர் ஏற்பட்டது. மணலின் தோற்றத்தை ஊரார் கூர்ந்து நோக்கியிருந்தனர் என்பதற்கு இப்பெயரே சான்று. ஆனால் மணலைச் செல்வமாகக் கருதும் வழக்கம் அவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்குச் செல்வமாக இருந்தது வயல்.

நிலாவெளியிற் கண்டெடுக்கப்பட்ட சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டு இதனை வலியுறுத்துகிறது. கோணேசர் ஆலயத்துக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. திரியாயில் உள்ள கிரந்த எழுத்துக் கல்வெட்டு, பௌத்த தூபி ஒன்றை வணிகக் குழுவினர் தோற்றுவித்தமையைக் கூறுகிறது. எனவே வேளாண்மையும் கடல்வணிகமும் இக்கரையின் பழைய பொருளாதாரத்தின் இரு தூண்களாக இருந்தன எனக் கொள்ளலாம். கடலோரத்துக் கருமணல் இவ்விரண்டிலும் இடம்பெறவில்லை.

2. பழைய இரும்பு

எனினும், இலங்கையில் இரும்புத் தொழில் மிகப் பழைமையானது என்பதை மனங்கொள்ள வேண்டும். அநுராதபுரத்தில் நிகழ்ந்த அகழ்வுகள் கிறித்துவுக்கு முற்பட்ட முதலாவது ஆயிரத்தாண்டின் தொடக்கத்திலேயே இரும்பின் பயன்பாட்டைக் காட்டுகின்றன. தென்னிந்தியாவோடு தொடர்புடைய பெருங்கற்காலப் பண்பாட்டின் எச்சங்கள் கிழக்குக் கரையில் வெருகலுக்குத் தெற்கேயுள்ள கதிரவெளியிலும் அறியப்பட்டுள்ளன.

இரும்புத் தொழிலின் வளர்ச்சிக்குச் சிறந்த சான்று சமனலவெவப் பகுதியிற் கிடைத்தது. மலைச்சரிவுகளிலே தென்மேற்குப் பருவக்காற்று நேரே மோதும் வண்ணம் அமைக்கப்பட்ட உலைகளை அங்கு கில் யூலெஃப் ஆய்ந்தார். துருத்தி இன்றி, காற்றின் விசையினாலேயே அவை இயங்கின என்பதைப் பரிசோதனை மூலமும் நிறுவி, 1996இல் தமது முடிவை வெளியிட்டார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தை அவ்வுலைகள் சார்ந்தவை. அராபிய ஆசிரியரான அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதியபோது சரந்தீபு உருக்கைக் குறிப்பிட்டமைக்கு இதனால் ஒரு பின்னணி கிடைத்தது.

இரும்பு இலங்கைக்கு வெளியார் கற்பித்த தொழிலன்று. ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதலாவது இயக்குநராகப் பணியாற்றியவர். கலை வரலாற்றாசிரியராக அவர் அறியப்படுவதற்கு முன்னரே நாட்டின் பாறைகளை ஆய்ந்தவர். 1908இல் வெளிவந்த தமது நூலிலே, கண்டிப் பகுதியில் இரும்பு உருக்குவோரும் உருக்குச் செய்வோரும் பின்பற்றிய முறைகளை அவர் விரிவாகப் பதிவு செய்தார். ஏற்கனவே அழிந்துகொண்டிருந்த தொழிலின் இறுதிச் சாட்சியாக அவரது எழுத்து அமைந்தது. மலிவான இறக்குமதி இரும்பின் முன் உள்நாட்டு உலைகள் நிலைக்க முடியவில்லை.

திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதியிலும் பழைய கனிமத் தொழிலின் சாத்தியக்கூறு ஆராயப்பட்டுள்ளது. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே சேருவிலைக்கு அண்மையில், அரிப்பு என்னுமிடத்தில், செப்பும் மகனத்தைற்று எனும் காந்த இரும்புத் தாதுவும் கலந்த படிவு உண்டு. 1970களின் தொடக்கத்திற் புவிச்சரிதவியல் திணைக்களம் அதனை இனங்கண்டது. சுதர்சன் செனவிரத்ன 1990களில் அப்படிவின் சூழலையும் தொல்லியலையும் ஆராய்ந்து, மகாவலியின் கீழ்ப்பகுதியில் ஆதி இரும்புக்காலக் குடியிருப்புகள் பரவியமையோடு அதனைத் தொடர்புபடுத்தி நோக்கினார். தாதுவைத் தேடிய மனிதர் ஆற்றங்கரை வழியே கடலையும் அடைந்தனர் என்னும் இக்கருத்து, கிழக்குக் கரையின் வரலாற்றை அரசர் வரிசையினின்றும் விடுவித்து உற்பத்தியின் வரலாறாகக் காண உதவுகிறது.

3. முடிக்குரிய நிலம்

பிரித்தானியர் 1795இல் திருகோணமலையைக் கைப்பற்றினர். கனிம வரலாற்றைப் பொறுத்தவரை, அதனினும் முக்கியமான ஆண்டு 1840. அவ்வாண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய நில ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடியின் சொத்தாகக் கொண்டது. மலைநாட்டில் இச்சட்டம் பெருந்தோட்டங்களுக்கு வழிவகுத்தமை பலராலும் எழுதப்பட்டுள்ளது. கரையோரத்தில் அதன் விளைவு பின்னரே வெளிப்பட்டது. ஊரார் பொதுவிற் புழங்கிய காடும் மேய்ச்சலும் மணற்பரப்பும் ஆவணத்தில் அரசின் நிலமாயின. பொதுப் புழக்கம் உறுதியாகாது. உறுதியில்லாத நிலத்துக்கு உரியவர் இலர். பின்வந்த எல்லாவற்றுக்கும் இதுவே அடித்தளம் எனலாம்.

பிரித்தானிய ஆட்சியில் திருகோணமலை கடற்படைத் தளமாகவே வளர்ந்தது. 1927இல் இருப்புப்பாதை நகரை அடைந்தது; வடகரை ஊர்களை அது தொடவில்லை. சீனன்குடாவில் ஏறத்தாழ 100 எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது தாங்கியொன்றும் தீக்கிரையாயிற்று. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நகரின் தொழிலாளர் வாழ்வு கடற்படையின் தேவைகளையே பெரிதும் சார்ந்திருந்தமையால், தளம் கையளிக்கப்பட்டபோது அந்நகருக்கு வேறொரு பொருளாதார அடிப்படை வேண்டப்பட்டது. கப்பலும் தாங்கியும் பாலமுமாக இரும்பு கடல்வழியே இங்கு வந்து குவிந்த நூற்றாண்டு அது. இம்மண்ணின் இரும்பிலிருந்து ஓர் ஆணி தானும் செய்யப்படவில்லை.

4. கருமணலின் இயல்பும் கூட்டுத்தாபனமும்

தளம் கையளிக்கப்பட்ட அதே 1957ஆம் ஆண்டின் அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டம் புதிய அரச தொழில்களுக்கு வழி திறந்தது. கனிய மணற் கூட்டுத்தாபனம் புல்மோட்டையிற் கால்கொண்டது அக்கட்டத்திலேதான்.

புல்மோட்டைக் கருமணற் படிவு கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோரமாக அமைந்தது. அம்மணலில் நூற்றுக்கு எழுபது பங்களவு இல்மனைற்று. எஞ்சியதில் உரூற்றைல், சேர்க்கன் ஆகியனவும், சிறிதளவு மொனசைற்றும் உண்டு. உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து ஆறுகளால் கடலுக்குக் கொணரப்பட, நீரோட்டமும் அலையும் அவற்றைக் கரையிற் சேர்க்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்றின்போது எழும் அலைகள் இலேசான மணலை அள்ளிச் சென்று பாரமான கருமணலை விட்டுச் செல்கின்றன. சமனலவெவையில் ஒரு பருவக்காற்று உலையை ஊதிற்று. புல்மோட்டையில் மற்றைய பருவக்காற்று தாதுவைக் கொழித்துத் தருகிறது. ஆனால் கொழித்துத் தரும் அதே காற்று கடலையும் கொந்தளிக்கச் செய்வதால், கப்பலேற்றம் அமைதிக் காலத்தை எதிர்நோக்கியே நடைபெற வேண்டியதாயிற்று.

இல்மனைற்று என்பது இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை. தூய இல்மனைற்றின் நிறையில் ஏறத்தாழ 37 வீதம் இரும்பு. தைத்தேனியம் ஏறத்தாழ 32 வீதம். நிறையளவில் இரும்பே மிகுதி. ஆயினும் உலகச் சந்தை இதனை இரும்புத் தாதுவாகக் கருதுவதில்லை. வண்ணப்பூச்சுக்கும் தாளுக்கும் வெண்மை தரும் தைத்தேனியமீரொட்சைட்டுக்காகவே அது வாங்கப்படுகிறது. கந்தகவமிலத்திற் கரைத்துப் பிரிக்கும் முறையில், இரும்பு பச்சை நிற உப்பாக ஒதுக்கப்படுகிறது. மூன்றிலொரு பங்குக்கு மேல் இரும்பைக் கொண்ட தாது ஏற்றுமதியாக, அவ்விரும்பு வேற்றுநாட்டுத் தொழிற்சாலையின் கழிவாக முடிவதே இவ்வணிகத்தின் இயல்பு.

இதனை இயற்கையின் குறை என்று கூறுவோர் உளர். தைத்தேனியம் மிகுந்த தாது ஊதுலையிலே தடித்த கசடைத் தருமாதலின், அது சாதாரண இரும்புத் தாதுவுக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆனால் கனடாவின் சொரெல் என்னுமிடத்தில் 1950 தொடக்கம் மின்னுலையில் இல்மனைற்றை உருக்கி, தைத்தேனியக் கசடையும் வார்ப்பிரும்பையும் ஒருங்கே பெறும் முறை கையாளப்பட்டது. பின்னர் தென்னாபிரிக்காவின் றிச்சட்ஸ் குடாவில், கடற்கரை மணலைக் கொண்டே அம்முறை பின்பற்றப்பட்டது. எனவே புல்மோட்டையில் அகழ்வு தொடங்கியபோது கருமணலிலிருந்து இரும்பு பெறும் அறிவு உலகில் இருந்தது. இல்லாதிருந்தவை அதற்கு வேண்டிய பெருமளவு மின்வலுவும் முதலீடும். அவற்றைத் தேடும் திட்டமும் இல்லை.

புல்மோட்டையில் காந்த முறையால் இல்மனைற்று பிரிக்கப்பட்டது. உரூற்றைலையும் சேர்க்கனையும் பிரிக்கும் ஆலை முதலிற் சீனன்குடாவில் இயங்கிப் பின் புல்மோட்டைக்கு மாற்றப்பட்டது. தாது பெரும்பாலும் படகுகளால் கரைக்கு அப்பால் நின்ற கப்பல்களுக்கு ஏற்றப்பட்டது. யப்பான் முதன்மையான கொள்வனவாளர்களுள் ஒன்றாக விளங்கிற்று. இவ்வேற்பாட்டின் சமூக விளைவு நோக்கற்பாலது. கரையில் அள்ளி, கரையிலேயே பிரித்து, கரையிலிருந்தே கப்பலேற்றும் தொழில், சாம்பல்தீவு முதல் திரியாய் வரையுள்ள ஊர்களுடன் உற்பத்தித் தொடர்பு எதனையும் ஏற்படுத்த வேண்டிய தேவையில்லாதது. பெரும்பான்மையும் முஸ்லிம் மக்கள் வாழும் புல்மோட்டையிற் கூட, ஆலை ஒரு தொழில் வழங்குநராக இருந்ததேயன்றி, துணைத்தொழில்களைப் பெருக்கும் மையமாக வளரவில்லை.

5. சேராத மூன்று

இங்கு இலங்கையின் இரும்புக் கொள்கையை முழுமையாக நோக்குதல் வேண்டும். சோவியத் உதவியுடன் 1961இல் அமைக்கப்பட்ட உருக்குக் கூட்டுத்தாபனத்தின் ஆலை, மேற்கே ஒறுவலையில் 1967இல் இயங்கத் தொடங்கியது. இறக்குமதி செய்யப்பட்ட உருக்குப் பாளங்களையும் பழைய இரும்பையும் கொண்டே அது இயங்கிற்று. உள்நாட்டுத் தாதுவை உருக்கும் ஊதுலை அங்கு எழவில்லை. சேருவிலைத் தாது இனங்காணப்பட்டும் வணிக அளவில் அகழப்பட்டதில்லை. அதன் அளவு சிறிது என்பதும், செப்பு கலந்திருப்பதும் தடைகளாகக் கூறப்பட்டன. புல்மோட்டை மணல் கப்பலேறியது. தாது கிழக்கில், உருக்காலை மேற்கில், இரண்டுக்கும் இடையே எவ்விதத் தொடர்புமில்லை.

தைத்தேனியத்தைப் பொறுத்தவரை நிலை இன்னும் தெளிவானது. வடக்கே பரந்தனில், 1950களில் அமைந்த இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் ஆக்கியது. குளோரீனைக் கொண்டு தைத்தேனிய வெண்பொருள் ஆக்கும் முறையும் உலகில் உண்டு. உப்பு, குளோரீன், கருமணல், ஆழ்கடல் துறைமுகம் ஆகிய யாவும் ஒரே பிராந்தியத்தில் அமைந்திருந்தன. இவற்றை இணைத்தல் எளிதாக இருந்திருக்கும் என்று நாம் கூற வரவில்லை. இணைக்கும் முயற்சி அரச திட்டமிடலின் மையத்துக்கு வரவில்லை என்பதையே சுட்டுகிறோம். பரந்தன் தொழிற்சாலையும் போரின் காரணமாக 1990இல் மூடப்பட்டது.

ஒப்புநோக்குக்குக் கடலுக்கு அப்பாலுள்ள மற்றொரு கருமணற் கரையைக் கொள்ளலாம். 1909இல் சொம்பேர்க் என்னும் செருமானியர், கயிற்றோடு ஒட்டிவந்த மணலிலிருந்து தென்திருவிதாங்கூர் மொனசைற்றை இனங்கண்டார். மணவாளக்குறிச்சியும் சவறையும் அதன்பின் உலகறிந்த பெயர்களாயின. அங்கும் நெடுங்காலம் மணலே ஏற்றுமதியாயிற்று. ஆனால் 1946இல் திருவிதாங்கூரில் தைத்தேனியத் தொழிலகம் நிறுவப்பட்டு 1951இல் உற்பத்தி தொடங்கியது. புல்மோட்டையை ஒத்த மணலைக் கொண்டிருந்த ஒரு சமஸ்தானம், சுதந்திரத்துக்கு முன்னரே மேற்கொண்ட முயற்சியை, சுதந்திர இலங்கை மேற்கொள்ளவில்லை.

சேலத்தின் அனுபவம் வேறொரு பாடத்தைத் தருகிறது. கஞ்சமலை இரும்பை நம்பியே அங்கு உருக்காலை கோரப்பட்டது. 1967இல் தமிழ்நாட்டில் எழுச்சி நாள் கொண்டாடப்பட்டது. 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1981இல் உற்பத்தி தொடங்கியபோது, அது வேறிடத்து உருக்கைத் தகடாக்கும் துருவேறா உருக்காலையாகவே அமைந்தது. கஞ்சமலைத் தாது அதற்குப் பயன்படவில்லை. ஆயினும் மக்கள் இயக்கம் ஆலையை ஊருக்குக் கொணர்ந்தது. வேலையும் பயிற்சியும் அவ்வட்டாரத்துக்குக் கிடைத்தன. தாதுவின் தன்மை மட்டுமன்று, அரசியலில் அவ்வட்டார மக்களின் குரலுக்கு உள்ள வலுவும் தொழிலின் இடத்தைத் தீர்மானிக்கிறது என்பதை இது காட்டும்.

6. குடியேற்றமும் போரும்

திருகோணமலை மக்களின் குரல் ஏன் வலுவிழந்தது என்பதற்கு மாவட்டத்தின் நில வரலாறே விடை. கந்தளாய், அல்லை, பதவியா ஆகிய குடியேற்றத் திட்டங்கள் மாவட்டத்தின் இனவிகிதத்தை மாற்றின. 1981ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணிப்பில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தினரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக இருந்தனர். 1977 தேர்தலுக்கு முன் சேருவிலை தனித் தொகுதியாக்கப்பட்டது. குடியேற்றப்பட்ட வறிய சிங்கள விவசாயியை இங்கு குற்றவாளியாகக் காண்பது தவறு. நிலமற்ற அவரும் அரசின் திட்டத்தில் ஒரு கருவியே. ஆனால் மூன்று சமூகத்துத் தொழிலாளரும் ஒன்றுபட்டுக் கனிமத்தின் பயனைக் கேட்டிருக்கக்கூடிய மாவட்டத்தில், ஒருவர் மற்றவரின் நிலத்தை அஞ்சும் நிலையே தோன்றியது. கனிமம் பற்றிய கேள்வி பின்தள்ளப்பட்டது.

1984 திசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், தென்னமரவடி முதலிய தமிழூர்களின் மக்கள் வெளியேற நேர்ந்தது. மணலாறு வெலிஓயாவாயிற்று. கருமணற் கரை படைகளின் கரையாக மாறியது. 1996 ஆகத்தில் புல்மோட்டைக்கு அப்பால் நின்ற 'பிறின்சஸ் வேவ்' என்னும் கப்பலும், 1997 செப்டெம்பரில் 'கோடியலிற்றி' என்னும் கப்பலும் விடுதலைப் புலிகளின் தாக்குதலுக்குள்ளாயின. பின்னையதிற் சீன மாலுமிகளும் உயிரிழந்தனர். வண்ணப்பூச்சுக்கு வெண்மை தரும் மணலை ஏற்ற வந்த அயல்நாட்டுத் தொழிலாளர், தாம் அறியாத நிலப் பிணக்கொன்றின் பலியாயினர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் சாம்பல்தீவு முதல் புல்மோட்டை வரையான கரையூர்களைத் தாக்கிற்று.

கூட்டுத்தாபனம் 1992இல் அரசுக்குச் சொந்தமான கம்பனியாயிற்று. 2009இல் போர் முடிந்தபின், வடகரைச் சாலையில் துறைகள் இருந்த இடங்களிற் பாலங்கள் எழுந்தன. இடம்பெயர்ந்தோரிற் சிலர் மீண்டனர். அகழ்வை வடக்கே கொக்கிளாய்ப் பக்கம் விரிக்கும் முயற்சிகளை அண்மை ஆண்டுகளில் அங்குள்ள மக்கள் எதிர்த்துள்ளனர். கரைவலைப் பாடும் வாடியும் வள்ளம் ஏற்றும் மணற்றிடலும் அவர்களுக்குத் தொழிற்கருவிகள். 1840இல் உரிமை நிறுவப்படாத நிலம் என்று எழுதப்பட்டது, இன்று அவர்கள் நின்று பேசும் நிலம்.

முடிவுரை

மேற்கூறியவற்றை நோக்குமிடத்து, திருகோணமலை மாவட்டம் கனிமப் பகுதியாகியும் கனிம நகரைப் பெறாமைக்குத் தாதுவின் தன்மை ஒரு காரணமே, முதன்மைக் காரணமன்று. பொதுநிலம் முடிநிலமாயினமை, அரச தொழில் பிரித்து அனுப்புவதோடு நின்றமை, தாதுவும் உலையும் ஒரே திட்டத்தில் வைத்து எண்ணப்படாமை, நிலப் பிணக்கு உழைப்போரைப் பிரித்தமை ஆகிய நான்கும் சேர்ந்தே இந்நிலையைத் தோற்றுவித்தன. நாட்டுடைமை என்பது தானாகவே மக்களுடைமையாகிவிடாது என்பதற்குப் புல்மோட்டை ஓர் எடுத்துக்காட்டு.

இதன் மறுபுறத்தையும் மறத்தல் கூடாது. உலை எழுந்திருப்பின் அதன் புகையும் அமிலக் கழிவும் இக்கரைக்கே வந்திருக்கும். எனவே ஆலை வேண்டும் அல்லது வேண்டாம் என்று வெளியிலிருந்து தீர்ப்புக் கூறுவது ஆய்வாளன் பணியன்று. எவ்வளவு மணல் அள்ளப்பட்டது, என்ன விலைக்கு விற்கப்பட்டது, கரை எவ்வளவு அரிக்கப்பட்டது, ஊருக்கு என்ன வந்தது என்ற கணக்கை ஊராரின் முன் வைத்து, அவர்கள் முடிவெடுக்கக்கூடிய நிலையை உண்டாக்குவதே நேரிய வழி.

அதற்குத் துணையாக வரலாற்று மாணவர் செய்யவேண்டிய பணியும் உண்டு. புல்மோட்டை, சீனன்குடா ஆலைகளில் உழைத்தோரின் நினைவுகள் திரட்டப்படல் வேண்டும். வடகரையூர்களின் பொதுநில வழக்காறுகளும் கரைவலைப் பாட்டுரிமைகளும் எழுத்தில் வருதல் வேண்டும். கோணேசருக்கு அளிக்கப்பட்ட 250 வேலி நிலத்தை நாம் கல்லிற் படிக்கிறோம். அதே கரையிலிருந்து கப்பலேறிய மணலுக்கும், அதனை அள்ளிய கைகளுக்கும் அத்தகைய பதிவு இன்னும் எழுதப்படவில்லை. முதுமை எய்திய தொழிலாளர் நம்மிடையே இருக்கும்போதே அப்பணி தொடங்கப்படல் வேண்டும்.